தக்காளி இல்லாத சால்சா

சமையல் கான்ட்ராக்ட் தொழிலில் இருப்பவர்களுக்கு விசேஷம் நடக்கும்போது வரும் போனைப் பற்றிப் பயமில்லை. தட்டு குறைகிறது, தண்ணீர் கேன் வரவில்லை, மாப்பிள்ளை வீட்டார் முன்னதாகவே வந்துவிட்டார்கள் என்று ஏதாவது இருக்கும். ஓடிப்போய்ச் சரிசெய்துவிடலாம். பயமெல்லாம் மறுநாள் காலை வரும் போனுக்குத்தான். அந்த நேரத்தில் விசேஷ வீட்டிலிருந்து அழைத்தால், பாத்திரம் ஏதாவது விட்டுப் போயிருக்கும். இல்லையென்றால் யாருக்காவது உடம்புக்கு வந்திருக்கும்.

அன்று காலை சேலையூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நானும் சேகரும் முந்தைய நாள் ரிசப்ஷன் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். சேகர் என்னோடு தவாவில் நிற்பவர். நாற்பதைத் தாண்டியவர், பேச்சு அதிகம், கை சுத்தம். போன் அடித்தது. பாஸ்கர் சார். ஊரப்பாக்கத்தில் இருக்கும் என் பழைய வாடிக்கையாளர்.

"வசந்தாம்மா, யாமினிய ஐசியூல வெச்சிருக்காங்க. நேத்து உங்க கவுண்டர்லேர்ந்து அவளுக்கு என்ன குடுத்தீங்க?"

யாமினி அவருடைய ஒரே மகள். சிறுநீரக நோயாளி. அவள் அம்மாவைத்தான் நான் டீச்சர் என்று கூப்பிடுவேன்.

"டீச்சர் சொன்னதைத்தான் சார் செஞ்சேன். டப்பாவுல போட்டு நானே ரூம்ல கொண்டுபோய் வெச்சேனே?"

"அந்த டப்பாவ அவ திறக்கவே இல்ல. அப்படியே கெடக்கு. வேற ஒரு தட்டு கட்டிலுக்கடியில இருந்துது. அது உங்க கவுண்டர் தட்டு."

போனை வைத்துவிட்டார். சேகர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குழாயை மூடினார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் ரெசிப்பி கேட்கிறார்கள். ரெசிப்பி எங்கேயும் கிடைக்கும். நான் இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். முதலிலிருந்து சொல்கிறேன்.

1. மொட்டை மாடி

மீனம்பாக்கம் பக்கம் விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு கிச்சனில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். புரிட்டோ, கேசடியா, டாக்கோ எல்லாம் அங்கே கற்றதுதான். கொரோனாவில் விமானங்கள் நின்றபோது ஆட்களைக் குறைத்தார்கள். நானும் வெளியே வந்தேன். சாதாரணச் சமையலுக்குத் தாம்பரத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்த மெக்ஸிகன் சாப்பாட்டை லைவ் கவுண்டராகப் போட ஆரம்பித்தேன். விருந்தாளி எதிரில் நிற்க, நாம் சூடாகச் செய்து தட்டில் வைப்பதற்குத்தான் லைவ் கவுண்டர் என்று பெயர்.

முதல் ஆர்டர் பாஸ்கர் சார் வீட்டில். யாமினி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். லாக்டவுன் தளர்ந்த சமயம். ஹாலுக்குப் போகப் பயந்துகொண்டு வீட்டு மொட்டை மாடியிலேயே பிறந்தநாள் வைத்தார்கள். "டாக்கோ பார்ட்டி" வேண்டும் என்று அவள்தான் அடம்பிடித்திருக்கிறாள். வந்த சொந்தக்காரர்களில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. ஒரு பெரியவர் தட்டை நீட்டி, "சப்பாத்தி நல்லா கீதும்மா, மேல கொஞ்சம் குருமா ஊத்து" என்றார். நான் விழித்தேன். யாமினி ஓடிவந்து, "தாத்தா, இதுல குருமா கெடையாது, சால்சா! கையில எடுத்து மடிச்சுக் கடிங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். அன்று மாலை முழுக்க விருந்தாளிகளோடு உட்காராமல் என் கவுண்டர் பக்கத்திலேயே நின்றாள். மிளகாய்ப் பெயரில் என் உச்சரிப்பையும் திருத்தினாள்.

"ஜலப்பினோ இல்ல ஆன்ட்டி. ஹலபேன்யோ."

"தாம்பரத்துல ஜலப்பினோதான்மா."

அன்றிலிருந்து நான் அவளுக்கு டாக்கோ ஆன்ட்டி.

அவள் அம்மா செல்வி, ஊரப்பாக்கத்திலேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டிலேயே எளிதாக எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். மீந்த சப்பாத்தியைத் தவாவில் மொறுமொறுப்பாக வாட்டி, வேகவைத்த ராஜ்மாவை மசித்து, தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை கலந்த சால்சாவை மேலே போட்டால் போதும் என்றேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை இரவு அவர்கள் வீட்டில் அதுதான். யாமினி போட்டோ எடுத்து அனுப்புவாள். அவகாடோ என்கிற வெண்ணெய்ப் பழம் மலிவாகக் கிடைக்கும் நாளில் மசித்து அதையும் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் போனேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது போனேன். காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பியபோது, ஃப்ரெண்ட்ஸுக்கு சோளச் சிப்ஸில் செய்யும் நாச்சோஸ் வேண்டும் என்று கூப்பிட்டாள். அதற்கும் போனேன்.

2. டீச்சர் வந்த நாள்

கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் பிறந்தநாள் வந்து போய்விட்டது, அழைப்பு வரவில்லை. வேறு யாரையாவது வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து செல்வி டீச்சர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பாதி ஆளாக ஆகியிருந்தார்.

முகம் வீங்குகிறது, வாந்தி வருகிறது என்று யாமினியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருக்கின்றன. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். டீச்சருக்குச் சர்க்கரை, பாஸ்கர் சாருக்கு இதயத்தில் ஸ்டென்ட். இரண்டு பேராலும் சிறுநீரகம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

"ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குறா வசந்தாம்மா. பத்தியச் சாப்பாட்டப் பாத்தாலே தட்டத் தள்ளிடுறா. நீங்க ஏதாவது பண்ண முடியுமான்னு கேக்க வந்தேன்."

என்னென்ன கூடாது என்று கேட்டேன். அவர் டயட்டீஷியனிடம் கற்றதை எனக்குப் பாடம் மாதிரி சொன்னார். பொட்டாசியம் கூடாது. அது ரத்தத்தில் ஏறினால் நேராக இதயத்தைத் தாக்கும். அதனால் தக்காளி, உருளைக்கிழங்கு, ராஜ்மா, வெண்ணெய்ப் பழம், வாழைப்பழம், இளநீர் எதுவும் கூடாது. உப்பு மிகக் குறைவு. தண்ணீர்கூட அளந்துதான். என் கவுண்டரில் நான் அடுக்கி வைக்கிற எல்லாமே அதில் இருந்தது.

காய்கறியைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதையும் கொட்ட வேண்டும். அப்போதுதான் பொட்டாசியம் இறங்கும். ஃப்ளைட் கிச்சனில் காயை அதிகம் வேகவிட்டால் செஃப் கத்துவார், சத்து போய்விடும் என்று. இங்கே அந்தச் சத்தைத்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது. அப்படிச் செய்த காயில் ருசி என்று ஒன்றும் மிஞ்சாது.

சில நாள் வீட்டில் செய்து பார்த்தேன். மைதாவில் சப்பாத்தி மாதிரித் தேய்க்கும் டார்ட்டியாவுக்குத் தடையில்லை. உள்ளே முட்டையின் வெள்ளைக்கரு, பூண்டும் வறுத்த சீரகமும் போட்டுக் கிளறியது. தக்காளி இல்லாமல் சால்சா வேண்டும். சிவப்புக் குடைமிளகாயைத் தணலில் கருகச் சுட்டு, தோல் உரித்து, வேகவைத்து வடித்து, வெங்காயமும் வெள்ளரிக்காயும் துளி வினிகரும் சேர்த்தேன். நிறம் கிட்டத்தட்ட வந்தது. டீச்சர் டயட்டீஷியனிடம் ஒவ்வொன்றையும் அளவோடு சொல்லிச் சம்மதம் வாங்கினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு ஊரப்பாக்கம் போனேன்.

யாமினி ஹால் சோபாவில் படுத்திருந்தாள். இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இடத்தில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து அதை மூடிக்கொண்டாள். டாக்கோவைக் கையில் வாங்கிக் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"நல்லாருக்கா?"

"பொய் சொல்லட்டுமா, நெஜம் சொல்லட்டுமா ஆன்ட்டி?"

"நெஜம்தான் வேணும்."

"டாக்கோவுக்கு ஜுரம் வந்தா மாதிரி இருக்கு."

டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். யாமினி கையிலிருந்ததை முழுசாகச் சாப்பிட்டு, இன்னொன்று கேட்டாள். அதன் பிறகு டீச்சர் அதை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்.

3. ரிசப்ஷன்

மல்லிகா அக்கா பாஸ்கர் சாரின் உடன்பிறந்த அக்கா. யாமினிக்கு அத்தை. ஊரப்பாக்கம் பழைய ஊருக்குள் இருப்பவர். ஒரு காலத்தில் அந்தக் குடும்பம் பயிர் வைத்த நிலத்தில்தான் இப்போது பாதி நகர்கள் இருக்கின்றன. டீச்சர் வேலைக்குப் போன வருஷங்களில் யாமினியை இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தது இவர்தான். இவருடைய மகனுக்குக் கல்யாணம். ரிசப்ஷன் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மண்டபத்தில். மாமன் மகள் பிறந்தநாளில் சாப்பிட்டது பிடித்துப்போய், மாப்பிள்ளையே மெக்ஸிகன் கவுண்டர் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

ரிசப்ஷனுக்கு இரண்டு நாள் முன்னால் செல்வி டீச்சர் போன் செய்தார்.

"யாமினிக்குத் தனியா நம்ம சாப்பாட்டச் செஞ்சு டப்பாவுல போட்டுடுங்க வசந்தாம்மா. கவுண்டர் பக்கமே அவள விடப்போறதில்ல. மணப்பெண் ரூமுக்குப் பக்கத்து ரூம்ல இருப்பா. அங்க குடுத்துடுங்க."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. கல்யாண வேலையில் டயாலிசிஸை டாக்டரிடம் கேட்டு ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு நாள் வாயில் எதுவும் தவறிப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

நான் டப்பாவைக் கொண்டுபோய் வைத்தபோது யாமினி அந்த அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மயில் நீலப் பட்டுப் பாவாடை, முழங்கை தாண்டி நீண்ட ஜாக்கெட். வெளியே லைட் மியூசிக் சத்தம். அறைக்குள் கைப்பைகளும் கழற்றிப் போட்ட புடவைகளும் அவளும்தான்.

"சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடு கண்ணு."

"வெளிய என்னென்ன வெச்சிருக்கீங்க ஆன்ட்டி?"

"எப்பவும் வைக்கிறதுதான்."

அவள் டப்பாவைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தினாள். நானும் நிற்கவில்லை. கவுண்டரில் கூட்டம் சேர்ந்திருந்தது.

கூட்டம் உச்சத்தில் இருந்தபோது மல்லிகா அக்கா வந்தார். மாப்பிள்ளையின் அம்மா, பட்டுச் சேலையும் வியர்வையுமாக.

"ஒரு தட்டு போட்டுக் குடும்மா. எல்லாத்தையும் வை. அந்தப் பச்சையா கீதே, அதையும் வை."

"யாருக்குக்கா? உங்களுக்கா?"

"வாசலாண்ட எங்க பெரியம்மா குந்திகினு கீறாங்க. நடக்க முடியாது."

விசேஷக்காரர் கேட்கிறார். கொடுத்தேன். ராஜ்மா நிறைய வைத்து, தக்காளி சால்சா, மசித்த வெண்ணெய்ப் பழம், ஓரமாகச் சோளச் சிப்ஸ். அவர் தட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். எனக்கு அடுத்து நின்றவரின் தட்டு காத்திருந்தது.

4. காரிடார்

பாஸ்கர் சாரின் போன் வந்ததும் சேகரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தவாவைப் பார்த்தபடி யோசித்தார்.

"யக்கா, நேத்து அந்த மாப்ள அம்மா தட்ட மூடிக்கினு போச்சே? வாசப் பக்கம் போவல. ரூம் பக்கம் போச்சு. நான் பாத்தேன்."

எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

"நம்ம மேல இன்னா தப்பு? போய்ச் சொல்லிடு. இல்லாங்காட்டி ஊரெல்லாம் நம்ம பேர நாறடிச்சுடுவாங்க. நாளிக்கி ஒரு ஆர்டர் வராது."

சேகர் சொன்னது சரிதான். இந்தத் தொழிலில் ஒரு வீட்டில் பெயர் கெட்டால் போதும். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டால் பெருங்களத்தூர் முதல் கூடுவாஞ்சேரி வரைக்கும் போய்விடும். ஆனால் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது அதற்காக மட்டும் இல்லை. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா என்று தெரிய வேண்டியிருந்தது.

ஐசியூவுக்கு வெளியே காரிடாரில் பாஸ்கர் சார் நின்றுகொண்டிருந்தார். முந்தைய நாள் கட்டிய பட்டு வேட்டி இன்னும் இடுப்பில் இருந்தது. என்னைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது.

"உங்ககிட்ட எத்தன தடவ சொல்லியிருப்போம்? அவளுக்கு எது குடுத்தா உயிர் போகும்னு உங்களுக்குத் தெரியாதா? காலையில எழுந்திரிக்கப் பாக்குறா, கால் வரல. நெஞ்சு கன்னாபின்னான்னு அடிக்குது. வழியிலேயே போயிருப்பா."

பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காரிடார் கோடியில், சுவரோடு சுவராக, மல்லிகா அக்கா நின்றிருந்தார். முடிந்த கூந்தலில் கல்யாணப் பூ வாடித் தொங்கியது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவரைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். மகனுக்குக் கல்யாணமாகி ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணை இடுப்பில் வைத்து வளர்த்தவர்.

"அந்தம்மாவ ஏன்டா கத்துற?" என்று அவரே சொன்னார். சத்தம் கம்மியாகத்தான் வந்தது. "நான்தான்டா குடுத்தேன்."

பாஸ்கர் சாருக்குப் புரியவில்லை. "என்னக்கா?"

"பொய் சொல்லி வாங்கினு போய்க் குடுத்தேன். என் வூட்டுக் கல்யாணத்துல எம் பொண்ணு ஒண்டியா டப்பாவ வெச்சிகினு அழுதுகினு இருந்துச்சுடா. ஒரு நாளுதானேன்னு குடுத்தேன். இப்டி ஆவும்னு எனக்குத் தெரியாதுடா."

பாஸ்கர் சார் அக்காவின் மேல் கை ஓங்கியதை நான் பார்த்தேன். ஓங்கிய கையைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

பெஞ்சில் இருந்த செல்வி டீச்சர் அப்போதுதான் எழுந்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். என்னிடம் வந்து, "அந்தத் தட்டுல என்னென்ன இருந்துது, எவ்வளவு இருந்துதுன்னு சொல்லுங்க. டாக்டர் கேக்குறாங்க" என்றார்.

சொன்னேன். ராஜ்மா என்றபோது கண்ணை மூடினார். தக்காளி என்றேன். வெண்ணெய்ப் பழம் என்றேன். சிப்ஸில் உப்பு என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். அப்படியே உள்ளே போய் நர்ஸிடம் அதே வரிசையில் ஒப்பித்தார்.

நான் பல பேருக்கு மெனு சொல்லியிருக்கிறேன். அதைப் போல ஒரு மெனுவை அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

உடனே டயாலிசிஸ் போட்டிருந்தார்கள். மாலைக்குள் இதயம் ஒரு நிதானத்துக்கு வந்தது. பேச முடிந்ததும் அவள் அம்மாவிடம் முதலில் சொன்னது, "அத்தையத் திட்டாதீங்க. நான்தான் கேட்டு அழுதேன்." பிறகு சொன்னதை டீச்சர் பல நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். "பசிக்கல்லாம் இல்லம்மா. எல்லாரும் வெளிய இருந்தீங்க. எனக்கு மட்டும் ரூமுக்குள்ள டப்பா. நான் செத்துட்டா மாதிரியே இருந்துது."

அவள் வீட்டுக்கு வந்த வாரம் மல்லிகா அக்கா வேண்டிக்கொண்டபடி திருநீர்மலைக் கோயிலுக்கு நடந்தே போய்ப் படியேறிவிட்டு வந்தார். ஆனால் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. டீச்சர்தான் நேரில் போய்க் கூட்டிவந்தார்.

அடுத்த பிறந்தநாளுக்கு எனக்கு அழைப்பு வந்தது. வீட்டு ஆட்கள் மட்டும். டீச்சர் சொன்னார், "எல்லாருக்கும் ஒரே சாப்பாடு வசந்தாம்மா. யாமினி சாப்பிடுறதுதான் எல்லாருக்கும். வேற எதுவும் கொண்டுவராதீங்க." கவுண்டர் அவர்கள் ஹாலிலேயே போட்டேன். யாமினி வரிசையில் நின்று தட்டை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் அவள் அப்பா, அப்புறம் அத்தை. மல்லிகா அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னாடி இது, ஒப்பும் இல்ல ஒறப்பும் இல்ல, இத்தயா இத்தினி நாளா துன்னுகினு கீற?" என்றார். யாமினி சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றைய தண்ணீர் அளவு முடிந்துவிட்டதால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அப்போதும் சிரித்தாள்.

5. ஒரு ஆளுக்கு

சிறுநீரகம் கிடைக்கவில்லை. ஒரு முறை கூப்பிட்டார்கள், பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு ரத்தத்தில் கிருமி கலந்து காய்ச்சல் வந்தது. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தாள். ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். கல்லூரி முடிக்கவில்லை.

சாவுக்குப் போனேன். கும்பலோடு நின்று பார்த்துவிட்டு வந்தேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்தினம் செல்வி டீச்சர் போன் செய்தார். "நாளைக்குச் சமைக்கணும் வசந்தாம்மா" என்றார்.

காரியச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு, வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "எத்தன பேருக்கு டீச்சர்?"

"யாமினிக்கு மட்டும்."

எழுதிக்கொள்ள எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"படையலுக்கு வைக்கணும். வடை பாயசம் எல்லாம் மல்லிகா அண்ணி செய்றாங்க. இத நீங்கதான் செய்யணும். ராஜ்மா போடுங்க. தக்காளி போடுங்க. வெண்ணெய்ப் பழமும் வாங்கிட்டு வாங்க. உப்பு சரியாப் போடுங்க. இனிமே என்ன இருக்கு."

தாம்பரம் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி நல்ல பழமாகப் பார்த்து வாங்கினேன். அவர்கள் அடுப்படியிலேயே சமைத்தேன். சேகரும் வந்தார். எப்போதும் பேசிக்கொண்டே வேலை செய்பவர் அன்று ஒரு வார்த்தை பேசாமல் டார்ட்டியாவைத் தேய்த்துச் சுட்டுக் கொடுத்தார். ராஜ்மா வெந்த வாசனை வீடு முழுக்கப் பரவியபோது ஹாலில் யாரோ பெரிதாக அழுதார்கள்.

நான் எதையும் ருசி பார்க்காமல் கவுண்டருக்கு அனுப்பியதே இல்லை. படையலுக்குச் செய்வதை முன்னால் நாக்கில் வைக்கக் கூடாது. உப்பு சரியாக இருக்கிறதா என்று தெரியாமலே தட்டில் வைத்தேன். அவளுக்கு உப்பு சரியாகப் போடச் சொல்லியிருந்தார்கள். அது சரியாக இருந்ததா என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது.

வாழை இலையில் வடை, சுண்டல், பாயசத்துக்குப் பக்கத்தில் டாக்கோவை வைத்தபோது, வந்திருந்த ஒரு அம்மா முணுமுணுத்தார். "படையலுக்கு இதையெல்லாமா வெப்பாங்க?" மூலையில் இருந்த பெரியவர் ஒருவர், "எங்கப்பனுக்கு சுருட்டும் பிராந்தியும் வெச்சோம். எவனாவது கேட்டானா? புள்ளைக்குப் புடிச்சத வைக்கிறாங்க, சும்மா இரு" என்றார். அதோடு பேச்சு நின்றது. கற்பூரம் காட்டினார்கள். பாஸ்கர் சார் போட்டோவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே கும்பிட்டார்.

படைத்து முடிந்ததும் இலையில் இருப்பதைப் பங்கு போட்டுச் சாப்பிட வேண்டும். அந்த டாக்கோவை யாரும் தொடவில்லை. செல்வி டீச்சர் அதைக் கையில் எடுத்தார். வாசற்படி ஓரமாக மல்லிகா அக்கா உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர்தான் எல்லா வேலையும் செய்தார், ஆனால் போட்டோ பக்கம் மட்டும் வரவில்லை. டீச்சர் அவர் எதிரில் போய் உட்கார்ந்து, டாக்கோவை இரண்டாகப் பிட்டு ஒன்றை நீட்டினார்.

"வேணாம்மா. எனக்கு எறங்காது."

"சாப்பிடுங்க அண்ணி. அவ கடைசியா ஆசப்பட்டு இதத்தான் கேட்டா. நாங்க யாரும் குடுக்கல. நீங்கதான் குடுத்தீங்க."

மல்லிகா அக்கா அதை வாங்கி வாயில் வைத்தார். இரண்டு பேரும் மென்றார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, கண்ணீரைத் துடைக்காமல், முழுசாகச் சாப்பிட்டார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பி, "உப்பு சரியா இருக்கு" என்றார்.

6. பிள்ளைகளுக்கு

தோள்பட்டை தேய்ந்துபோனதால் நான் இப்போது கவுண்டரில் நிற்பதில்லை. சேகர்தான் நடத்துகிறார். ஆர்டர் பேசுவதை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

யார் ஆர்டர் கொடுத்தாலும் மெனு பேசுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். வருகிறவர்களில் யாருக்காவது ஏதாவது கூடாதா? சர்க்கரை, சிறுநீரகம், வேர்க்கடலை அலர்ஜி, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்பேன். பலர் சலித்துக்கொள்வார்கள். "ஒருத்தர்தாங்க இருக்காரு. அவருக்கு வூட்லேர்ந்தே டப்பா எடுத்தாந்துடுவோம்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்கிறேன். மருத்துவர் என்ன சொன்னார் என்று முழுசாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். அவருக்கு ஆகிற சாப்பாட்டையும் அதே கவுண்டரில், அதே மாதிரித் தட்டில், அவர் வரிசையில் வந்து வாங்கிக்கொள்ளும்படி வைக்கிறோம். அதற்கென்று தனி அகப்பை, தனிப் பாத்திரம், தனி ஆள். எந்தத் தட்டு யாருக்கு என்று கேட்காமல் அந்த ஆள் கை நீட்ட மாட்டார். வேலை கூடுதல்தான். செய்யுங்கள்.

இப்படிச் செய்திருந்தால் யாமினி பிழைத்திருப்பாளா என்று சேகர் ஒரு முறை கேட்டார். மாட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு சிறுநீரகம், அது கிடைக்கவில்லை. ஆனால் அந்த ரிசப்ஷன் அன்று, மயில் நீலப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, வெளியே பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அவள் அந்த அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.